நல்ல காற்று அடித்த நாள்

க்ளெனிஸ் ஹேக்கெட் முப்பது வருஷம் கடலோரத்தில் குடித்தனம் நடத்தியவள். ஆனால் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. புருஷன் மெர்வுக்கு அலை மேல் சறுக்கும் அலைப்பலகைதான் உயிர். மகன் கோரி நடக்கப் பழகிய கையோடு அதில் தொற்றிக்கொண்டான். விடிந்ததும் இருவரும் சமையலறை ஜன்னல் வழியாக, கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் நிற்கும் பைன் மரத்தைப் பார்ப்பார்கள். அது கடல் பக்கமாகச் சாய்ந்தால், "நல்ல காத்து" என்று ஒரே குரலில் சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். க்ளெனிஸ் பின்னாலேயே போய் காரில் உட்கார்ந்து, பிளாஸ்க் தேநீரும் காய்ந்த துண்டுமாகக் காத்திருப்பாள். அந்த வீட்டில் அவளுக்கு ஒதுக்கப்பட்ட இடம் அந்தக் கார் சீட்டுதான். மெர்வ் வேறொருத்தியோடு குவீன்ஸ்லாந்துக்குப் போன பிறகும் அந்த வேலை அவளை விடவில்லை. ஒரு துண்டு குறைந்தது, அவ்வளவுதான்.

மே மாதம் நெடுஞ்சாலையில் ஒரு லாரி கோரியைக் கொன்றது. இத்தனை வருஷம் கடல் செய்யாததைத் தார் ரோடு செய்துவிட்டது.

அலைக்காரர்களில் ஒருவர் செத்தால் அவர்களுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. கூட்டாளிகள் எல்லாரும் பலகையில் படுத்து அலைகளுக்கு அப்பால் போவார்கள். அங்கே வட்டமாக உட்கார்ந்து கை கோத்துக்கொள்வார்கள். சாம்பலையும் பூவையும் நடுவில் விட்டு, தண்ணீரை அடித்துக் கத்துவார்கள். குடும்பத்தில் பலகை ஏறத் தெரியாதவர்கள் கரையில் நின்று கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று கோரியின் சிநேகிதன் டாமோ வந்து சொன்னான். "நீங்க மணல்ல இருங்க க்ளெனிஸ். உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டுத் தரேன்."

சரி என்று தலையாட்டினாள். அவன் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். என் பிள்ளையின் கடைசிக் குளியலுக்கும் நான் கார் சீட்டில்தானா என்று கோபம் வந்தது. மறுநாளே பக்கத்து ஊர்ப் பலகைக் கடைக்குப் போனாள்.

அலைப்பலகையில் படுத்துத் துழாவ அவள் தோள் இடம் கொடுக்காது. முதியோர் இல்லத்துச் சலவை அறையில் ஈரப் படுக்கை விரிப்புகளைத் தூக்கித் தூக்கித் தேய்ந்த தோள். நின்றுகொண்டு துடுப்புப் போடும் பலகை என்றால் சமாளிக்கலாம். ஆனால் கெட்டிப் பலகையைக் கார் மேல் ஏற்ற ஆள் வேண்டும். கடைக்காரப் பெண், காற்றடித்து உப்ப வைக்கும் பலகை ஒன்றை விரித்துக் காட்டினாள். சுருட்டினால் ஒரு பைக்குள் அடங்கிவிடும்.

"முதல் தடவையா? அப்ப நல்லா அகலமானதா எடுங்க. மெலிசா இருக்கறது அழகாத்தான் இருக்கும், ஆனா தூக்கிப் போட்டுரும்."

"என் வயசுக்கு அழகு எதுக்கும்மா. விழாம இருந்தா போதும்."

"அதுக்கு நான் கேரண்டி இல்ல. காத்து மட்டும் கஞ்சத்தனம் பண்ணாம அடிங்க. கல்லு மாதிரி ஆகணும். கை வலிக்குதேன்னு பாதியில விட்டா நடுவுல மடங்கிரும்."

ஊருக்குப் பின்னால், மரம் சூழ்ந்த ஏரியில் யாருக்கும் தெரியாமல் பழகினாள். எவ்வளவு அடித்தாலும் பம்பில் அழுத்தம் காட்டும் முள் முதலில் அசையவே அசையாது. அது அசையத் தொடங்கும்போது அவள் தோள் செத்துவிடும். முதலில் மண்டியிட்டாள், பிறகு எழுந்தாள், விழுந்தாள், ஆகஸ்ட் அங்கே குளிர்காலம், தண்ணீரில் பல் தந்தியடித்தது. துடுப்பை ஒரு வாரம் பின்பக்கம் முன்னாகப் பிடித்துத் திண்டாடினாள். தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு கிழவர், "அந்த வளைவு முன்னாடி பார்க்கணும் கண்ணு, சூப்பா கலக்குற?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. காலைப் பார்த்தால் விழுவோம், தூரத்தைப் பார்த்தால் நிற்போம் என்பது மட்டும் அவளாகக் கண்டுபிடித்தது. அந்த ஏரியில் காற்று என்ற ஒன்றை அவள் சந்திக்கவே இல்லை.

சனிக்கிழமை டாமோவைக் கூப்பிட்டாள். சாம்பலைத் தானே கொண்டுவந்து கொடுப்பதாகச் சொன்னாள். எங்கே என்று சொல்லவில்லை.

"நாளைக்குக் காத்து எப்படிப்பா?"

"அருமையான காத்து. மேக்க இருந்து. தண்ணி கண்ணாடி மாதிரி கிடக்கும். கோரி இருந்தா குதிப்பான்."

அவன் அலைக்காரனுக்கு நல்ல காற்றைச் சொன்னான். அவள் அதைத் தனக்கும் நல்லதென்று எடுத்துக்கொண்டாள். நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும் காற்று அலையைச் செதுக்கும். உப்பிய பலகை மேல் நிற்பவளை அதே காற்று கரையிலிருந்து பிய்த்துக்கொண்டு போகும். முப்பது வருஷம் "நல்ல காத்து" கேட்டவளுக்கு யாருக்கு நல்லது என்று கேட்கத் தோன்றவில்லை. அந்த ஊரில் யாருக்கும் தோன்றாது.

ஞாயிறு காலை முனைக்குப் பின்னால் இருந்த படகுத்துறையில் இறங்கினாள். மிதவைச் சட்டை, கணுக்காலில் பலகைக் கயிறு, முன்னால் வலைக்குள் மூடி திருகிய தகர டப்பாவில் கோரி. தண்ணீர் நிஜமாகவே கண்ணாடிதான். துடுப்பை லேசாகப் போட்டாலே பலகை பறந்தது. எவ்வளவு தேறிவிட்டேன் என்று பூரித்துப்போனாள், பாவி.

முனையைத் தாண்டியதும் வட்டம் தெரிந்தது. இருபது பேர் இருப்பார்கள். டாமோ முதலில் பார்த்தான். "டேய், அது க்ளெனிஸ்டா." எல்லாரும் விசிலடித்தார்கள். குவீன்ஸ்லாந்திலிருந்து வந்திருந்த மெர்வ் மட்டும் விசிலடிக்கவில்லை. பழைய நீளப் பலகையில், நரைத்த தாடியோடு, வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். பலகை வந்த வேகம் அவனுக்குத்தான் புரிந்தது.

"க்ளென், உட்காரு. கையக் குடு."

அவள் அவனை ஒட்டித்தான் போனாள். அவன் கை அவளுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இந்த ஒரு நாளாவது உன் கை வேண்டாம், நானே திருப்பிக்கொண்டு வருவேன் என்று நினைத்தாள். பிடிக்கவில்லை.

பலகை திரும்பவில்லை. வட்டம் பின்னால் போனது, முனை பின்னால் போனது. மண்டியிட்டுத் துடுப்பை இழுத்தாள். தோளில் நெருப்புப் பிடித்தது. கரை சிறுத்துக்கொண்டே போனது. பயம் வந்தது. கவிழ்ந்தால் டப்பா மூடியோடு அடியில் போய்விடும், பிள்ளை தகரத்துக்குள்ளேயே கிடப்பான் என்று தோன்றியது. அதற்கும் அடியில் இன்னொன்றும் இருந்தது, அதை அவள் மறைக்கவில்லை. இவன் என்னுடையவன், இவனை யாரோடும் பங்கு போட நான் வரவில்லை. மூடியைத் திருகித் திறந்தாள். சாய்ப்பதற்குள் காற்று மொத்தத்தையும் வாரிக்கொண்டு போனது. பெயரைச் சொல்லக்கூட நேரம் கொடுக்கவில்லை.

மெர்வ்தான் முதலில் வந்து சேர்ந்தான். மூச்சு இரைத்தது, உதடு நீலம் பாரித்திருந்தது. "படு, மடச்சி. நிமிந்து இருந்தா உன்னையே பாய்மரமாக்கித் தள்ளிட்டுப் போயிடும்." பிறகு டப்பாவைப் பார்த்தான். "மூடு அத. தண்ணி உள்ள போயிடப் போகுது."

அவள் டப்பாவை அவன் பக்கம் சாய்த்துக் காட்டினாள்.

வெகு நேரம் உள்ளேயே பார்த்தான். "எனக்கு?" என்றான்.

டாமோ வந்து அவள் பலகைக் கயிற்றைத் தன் காலில் கட்டிக்கொண்டு கரையைப் பார்த்துத் துழாவத் தொடங்கினான். மெர்வ் டப்பாவை வாங்கி, உள்ளே ஓரமாக ஒட்டியிருந்ததை விரலால் ஒரு சுற்றுத் துடைத்தான். வெளியே எடுத்த விரலை மடக்கிக் கையை இறுக மூடிக்கொண்டான்.

எதிர்காற்றில் அவர்கள் திரும்பிச் சேர வெகு நேரமாயிற்று. மெர்வ் ஒரு கையாலேயே துழாவிக்கொண்டு பின்தங்கி வந்தான். அலை மேலே ஏறும்போதெல்லாம் மூடிய கையைத் தண்ணீர் படாமல் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டான். க்ளெனிஸ் குப்புறப் படுத்தபடி, வழி முழுக்க அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.