மாமன் புதைத்த கல்

ஏரிக்கரையில் கோட்டை கட்டியிருந்த ஒல்லாந்துக்காரர்களின் கப்பல் முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுவிட்டால் எங்கள் குப்பத்தில் யாருக்கும் இருப்புக் கொள்ளாது. அன்று எங்கள் வீட்டில் அது கொஞ்சம் அதிகம். கடல் தாண்டிப் பத்தாவியாவுக்குக் கூலியாளாகக் கப்பலேறிப் போன தாய்மாமன், பல மழைக்காலம் கழித்துத் திரும்புகிறான் என்று சேதி வந்திருந்தது. அம்மாவுக்கு உடன்பிறந்தவன் அவன் ஒருவன்தான். கழுவிய மீனையே அவள் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

எனக்கோ மாமன் புதைத்துவிட்டுப் போன கல்லைப் பார்க்கும் அவசரம். கப்பல் ஆடாமலிருக்க அடியில் பாரமாகப் போட்டு வந்து, கரையில் கொட்டிய கற்களில் ஒன்று அது. உடைந்த பக்கம் வெள்ளியாய் மின்னுமாம். கோட்டைக்காரர்கள் பார்த்தால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று, எங்கள் கூரைத் தண்ணீர் சொட்டும் இடத்தில் புதைத்து, என் அப்பா நைனாவைக் காவல் வைத்துவிட்டுப் போயிருந்தான். வந்ததும் அதை விற்றுச் சொந்தப் படகு வாங்கவேண்டும் என்பது அவன் கனவு.

வந்தவன் சோறுகூட உண்ணாமல் தோண்டினான். மஞ்சளும் பச்சையுமாகப் பொருக்குப் பிடித்த கல் ஒன்று வந்தது.

“இன்னா மாமா இது? நா குட்த்த கல்லு எங்கே?” என்று நைனாவிடம் கேட்டான்.

“நீ பொதைச்ச எடத்துலியே தாண்டா இருந்துது. யாரு தொட்டா?” என்றார் நைனா.

“இரும்புதான் துருப்புடிக்கும். வெள்ளி துருப்புடிக்கும்னு எந்த ஊர்ல சொல்றாங்க?”

நைனா அம்மாவைப் பார்த்தார். அம்மா கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமன் அதை வாசலில் கிடந்த நங்கூரக் கல்லின்மேல் ஓங்கி அறைந்து, எடுத்து ஏரியில் வீசிவிட்டுக் கப்பலுக்கே திரும்பிப் போனான். பிறகு வரவேயில்லை.

மறுநாள் அவன் அறைந்த இடத்து மணலில் நகக்கண் அளவு சில்லு ஒன்று பளிச்சென்று கிடந்தது. அழகாயிருந்ததால் ஒரு சிப்பிக்குள் வைத்து, யாருக்கும் தெரியாமல் கூரையில் செருகினேன். என் விளையாட்டுச் சாமான்களில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

அதற்கப்புறம் நைனாவுக்குச் சோறு கொண்டுபோய் வைக்கும் வேலையை அம்மா என்னிடம் விட்டுவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். சட்டியை வாங்கும்போதெல்லாம் நைனா, “ஒங்கம்மா துன்னாளா?” என்று கேட்பார். கேட்டுக்கொண்டே என் தலைக்குமேல் அடுப்படிப் பக்கம் பார்ப்பார்.

நைனா கண்ணை மூடிய பிறகு ஒரு கோடையில் கூரை பிரித்தபோது அந்தச் சிப்பி விழுந்தது. சில்லின்மேல் அதே மஞ்சள் பொருக்கு. நகத்தால் சுரண்டினேன், அடியில் வெள்ளிப் பளபளப்பு. என்னைத் தவிர வேறு யாரும் தொடாத சில்லு. மழையும் உப்புக்காற்றும்தான் அதைத் தின்று பொருக்காக்கியிருந்தன.

அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். சுரண்டிய இடத்தை விரலால் நெடுநேரம் தடவினாள்.

“அவரு மாத்தலடி” என்றாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தம்பியின் கல்லை மாற்றியவர் என்று நினைத்த புருஷனுக்குத் தன் கையால் சோறு போட அவளுக்கு மனம் வரவில்லை. அந்தச் சட்டியைத்தான் அத்தனை வருஷமும் நான் பெருமையாக ஏந்திப் போயிருக்கிறேன்.