எட்டுக் கொத்தனாரும் ஒரு சித்தாளும்

உத்திரமேரூரில் எனக்கு ஹார்டுவேர் கடை. பெயர் சிராஜுதீன், ஊருக்கு வெறும் பாய். சிமெண்ட் விற்கிறவனிடம் ஆளும் கேட்பார்கள் என்பதால், கட்டட வேலைக்குக் கொத்தனார் அனுப்புவதும் என் தலையில் விழுந்தது. எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. அது இல்லாவிட்டால் பத்துப் பேரை ஒரே நேரத்துக்கு வண்டியில் ஏற்ற முடியுமா, சொல்லுங்கள்.

அம்முலு சாலவாக்கத்துக்காரி. பதினோரு வருஷமாகக் கொத்தனார் இருசப்பனிடம் சித்தாள். கல்லும் கலவையும் தலையில் சுமந்து கொடுக்கிற வேலை. திங்கட்கிழமை இருசப்பன் வருவதே அபூர்வம். வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை குடித்தது தெளிந்திருக்காது. அன்றெல்லாம் கரணையைப் பிடித்துக் கல் வைத்துச் சுவரை ஏற்றியது அம்முலுதான். வீடு கட்டுகிறவர்களுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தும் என் நோட்டில் அவள் பெயருக்கு நேரே சித்தாள் என்றே எழுதிவந்தேன். பொம்பளைக் கொத்தனார் வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை, இருக்கிறாள் என்று நானும் சொன்னதில்லை. இதுதான் என் லட்சணம்.

போன தை மாதம் அவளுக்குக் கழுத்தெலும்பு தேய்ந்துவிட்டது, இனித் தலையில் பாரமே வைக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நேரே என் கடைக்கு வந்தாள்.

“பாய், நம்ம ரோட்டுல கம்பெனி கட்றாங்களே, அதுக்குக் கொத்தனாரு எடுக்குறாங்களாம். என் பேரையும் குடு.”

“இன்னாம்மா, வெளையாட்றியா?”

“சட்டி தூக்க முடியாது பாய். கல்லு வெக்க முடியும். இத்த வுட்டா எனக்கு வேற பொயப்பு இல்ல. ரெண்டு பொண்ணுங்க படிச்சிகினு கீதுங்க.”

கம்பெனி கேட்டது எட்டுக் கொத்தனார். நான் ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு போனேன். இருசப்பனும் அதில் உண்டு. வழியெல்லாம் அவருடைய கிண்டல்தான். “சித்தாள கூட்டிகினு போயி கொத்தனாருன்னு காட்றியே பாய், நாளைக்கி உங்க வூட்டு ஆட்டையும் கூட்டிகினு வருவியா?” என்றார். அம்முலு காதிலேயே வாங்கவில்லை.

அங்கே பரீட்சையாக ஆளுக்கு நாலடி நீளம், இரண்டரை அடி உயரத்தில் ஒரு சுவர் கட்ட வேண்டும். இரண்டு மணி நேரம். இன்ஜினியர் கான்கிரீட் போடுகிற இடத்தில் மாட்டிக்கொண்டார். ஆள் எடுக்கிற அதிகாரி ஸ்ரீகாந்த் மட்டும் செல்போனும் கையுமாக நின்றார். சென்னைக்காரர், ஆபீஸ் படிப்புப் படித்தவர். சுவரைப் பார்த்துச் சொல்ல ஃபோர்மேன் பீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

பீட்டர் ஒவ்வொரு சுவர் மேலும் ரசமட்டத்தை வைத்து, கண்ணாடிக்குள் குமிழ் நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்த்தார். இருசப்பன் சுவரைப் பார்த்து, “பரவால்ல சார், ஓட்டலாம்,” என்றார். மற்றவர்களுக்கும் ஏறக்குறைய அதே பதில். கடைசியாக அம்முலுவின் சுவர். ரசமட்டத்தைத் திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்துவிட்டு, “மட்டம் சார்,” என்றார். ஸ்ரீகாந்த் செல்போனில் ஏதோ தட்டிக்கொண்டார்.

தேறிய எட்டுப் பேரின் பெயரை வாசித்தார்கள். அம்முலு பெயர் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சண்டைக்கு நான் கிளம்புவதற்குள் அவளே முன்னால் போய் நின்றாள்.

“கொறை இன்னான்னு சொல்லுங்க சார். திருத்திக்கிறேன்.”

ஸ்ரீகாந்த் சங்கடப்பட்டார். “தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ஃபோர்மேனே மட்டம்னு சொல்லிட்டாரு.”

“மட்டம்னா சொன்னாரு?” அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததே இல்லை. “ஃபோர்மேன் வாயாலயே சொன்னாரா?”

“ஆமாம்மா. மட்டம்னா... மோசம்னுதானே?”

பீட்டர் தலையில் அடித்துக்கொண்டார். “அய்யோ சார்! மட்டம்னா ஒரு நூலு ஏத்தம் எறக்கம் இல்லாம நேரா கீதுன்னு அர்த்தம். இங்க கீற ஒம்போது செவுத்துல அது ஒன்னுதான் மட்டம்!”

ஸ்ரீகாந்தின் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் நல்ல மனுஷர். ரசமட்டத்தைக் கையில் வாங்கி, பீட்டர் சொல்லிக்கொடுக்க, ஒன்பது சுவரையும் தானே மறுபடி பார்த்தார். இருசப்பன் சுவரில்தான் குமிழ் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டது. இருப்பதோ எட்டு இடம். அம்முலு பெயர் ஏறியது, இருசப்பன் பெயர் போனது. வேண்டுமானால் ஹெல்பராக வரலாம் என்றார் ஸ்ரீகாந்த்.

இருசப்பன் கரணையை மண்ணில் வீசிவிட்டு ரோட்டில் நடக்க ஆரம்பித்தார். வண்டியில் ஏறமாட்டேன் என்று கையை ஆட்டினார். கொளுத்துகிற வெயில். அந்த மனுஷரைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தேன்.

“செத்த நின்னு கூட்டிகினு போலாமா?” என்று அம்முலுவைக் கேட்டேன்.

“வண்டிய எடு பாய்,” என்றாள். “பதினோரு வருசம் அந்தாளு பேருல செவுரு கட்டுனேன். நாளைக்கி ஏழு மணிக்கி கம்பெனி கேட்டாண்ட என் பேரத்தான் கூப்புடுவாங்க.”

வண்டியை எடுத்தேன்.