அறுபத்தொரு மணி நேரம்

டெல்ஃபீன் மாப்ரிக்குப் பொய் எழுத வராது. வக்கீல் தொழிலுக்கு ஆகாத குணம் இது என்று அவள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். பத்தொன்பது வருடம் அவள் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள் நான். சொல்ல எனக்கு உரிமை உண்டு.

டெல்ஃபீன் ஒரு சலவைக்காரியின் மகள். அட்லாண்டாவில் கிடைத்த நல்ல வேலையை உதறிவிட்டு அலபாமாவின் இந்த மூலைக்கே திரும்பி வந்தாள். எங்கள் கவுண்டியில், அதாவது மாவட்டத்தில், சிறைக் காவலர்கள்மேல் வழக்குப் போடத் துணிந்த ஒரே வக்கீல். அடிபட்டவர்களிடம் காசு வாங்கமாட்டாள், அவர்களிடம் இருந்தால்தானே வாங்க. ஜெயித்தால் அவளுடைய கட்டணத்தை எதிர்த்தரப்பு தரவேண்டும் என்கிறது சட்டம். எவ்வளவு என்பது நீதிபதி கையில். நியாயமான மணிநேரத்தை நியாயமான விலையால் பெருக்கினால் கட்டணம். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

ஆமோஸ் டார்வர் பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். எங்கள் கவுண்டி ஜெயிலில் காவலர்கள் அவர் தாடையை உடைத்தார்கள். பார்த்தவர்கள் மூன்று பேர். ஆனால் எங்கள் அலுவலகம், போலீஸையும் ஜெயிலையும் கையில் வைத்திருக்கும் ஷெரிஃபின் அலுவலகத்துக்கு நேர் எதிரே இருந்தது. வாசற்படி மிதித்தால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். ஞாயிறு ஆராதனை முடிந்து சபையின் கீழ்த்தளத்தில் சாப்பாடு போடுவார்களே, அங்கேதான் அந்த மூன்று பேரும் வாய் திறந்தார்கள். அதுவும் உடனே இல்லை. பொரித்த கோழி தட்டில் விழவேண்டும். மழை பற்றிப் பேசி, யார் மகளுக்குக் கல்யாணம் என்று பேசி, அப்புறம்தான் ஜெயில். டெல்ஃபீன் ஞாயிறு தவறாமல் போனாள். திங்கட்கிழமை வேலை நேரக் குறிப்பேட்டில் எழுதினாள்: ‘சபைச் சாப்பாடு, சாட்சிகளோடு பேச்சு, நான்கு மணி நேரம்.’

“ஏன்டி, சாப்பாட்டை எதுக்கு எழுதுற? ‘சாட்சி விசாரணை’ன்னு போட்டுத் தொலையேன்” என்றேன்.

“சாப்பிட்டேனே, எர்னஸ்டீன். ரெண்டு தட்டு.”

“உன் யோக்கியதைக்கு நீதிபதி மெடல் குத்தப் போறாரு, பாரு.”

நான்கு வருடம் இழுத்து ஜெயித்தோம். ஆமோஸுக்கு ஜூரி எட்டாயிரம் டாலர் கொடுத்தது. அதே வாரம் லொரீத்தா என்ற பெண் வந்தாள். அவள் தம்பி அதே ஜெயிலில் செத்துப்போயிருந்தான். தாடை டாக்டரைக் கட்டணம் கொடுத்துச் சாட்சி சொல்ல வைக்கவே டெல்ஃபீன் வீட்டை அடமானம் வைத்திருந்தாள்.

“கட்டண உத்தரவு வரட்டும்மா. வந்ததும் உன் கேஸை எடுத்துக்கறேன்” என்றாள்.

மணிக்கு நூற்று எழுபத்தைந்து டாலர் கேட்டோம். இந்தப் பக்கத்தில் அதுதான் விலை என்று வேறு வக்கீல்கள் உறுதிமொழி எழுதித் தரவேண்டும். ஏழு பேர் வாசலுக்குப் போனாள். ஒருவர் மட்டும் உண்மையைச் சொன்னார். “ஷெரிஃப் கூட மீன் பிடிக்கப் போறவன் நான். என்னை விட்டுடும்மா.” மற்ற ஆறு பேருக்கும் அன்று தலைபோகிற வேலை இருந்ததாம்.

கோர்ட்டில் கவுண்டியின் வக்கீல் விட்ஃபீல்ட் குறிப்பேட்டைத் தூக்கிப் பிடித்தார். “கனம் நீதிபதி அவர்களே, கோழி தின்ன மணிக்கு நூத்தி எழுபத்தஞ்சு டாலராம். நம்ம ஊர்ல கோழி அவ்வளவு விலை இல்லீங்க.”

நீதிபதியும் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமைகள் மொத்தம் அறுபத்தொரு மணி நேரம். உத்தரவில் நீதிபதி அத்தனையையும் அடித்துவிட்டார். அந்த ஞாயிறுகள் இல்லாவிட்டால் சாட்சியே இல்லை, வழக்கே இல்லை. மணிக்கு நூற்றுப்பத்து போதும் என்றார். ஜூரி கொடுத்தது சொற்பம் என்று மிச்சத்திலும் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. டாக்டருக்குக் கொடுத்தது எந்தக் கணக்கிலும் சேராதாம். விட்ஃபீல்ட் இதே வழக்குக்கு அறுநூற்றுத் தொண்ணூறு மணி நேரம் எழுதிக் கவுண்டியிடம் மாதாமாதம் முழுசாக வாங்கினார். அவர் என்ன தின்றார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

உத்தரவு வந்ததை லொரீத்தா எப்படியோ கேள்விப்பட்டு, மறுநாள் காலையிலேயே தம்பியின் படங்களோடு வந்துவிட்டாள். கழுத்தில் காயம் தெரிகிற படங்கள். மேஜைமேல் வரிசையாக வைத்தாள். டெல்ஃபீன் ஒவ்வொன்றையும் நின்று பார்த்தாள்.

“என்னால முடியாதும்மா. வீடு போயிடும்.”

“வேற யாருகிட்ட போறது, மிஸ் டெல்ஃபீன்?”

டெல்ஃபீன் என்னைப் பார்த்தாள். அந்த ஏழு பேரில் யார் பெயரைச் சொல்வது? நான் தட்டச்சு இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

லொரீத்தா படங்களை ஒவ்வொன்றாக எடுத்து உறைக்குள் போட்டாள். “நேரம் ஒதுக்கினதுக்கு ரொம்ப நன்றிங்க” என்றாள். எங்களைத் திட்டியிருக்கலாம் அவள்.