காலை ஐந்து மணிச் சாக்கடை

மாதேஸ்வரி என்ன வேலை பார்க்கிறாள் என்று தேன்கனிக்கோட்டையில் யாராவது கேட்டால், அவள் அம்மா பூவம்மாள், "ஓசூர்ல ரத்த டெஸ்ட் எடுக்குதுங்க" என்று நழுவிவிடுவாள். மகள் கையாள்வதென்னவோ மலமும் சாக்கடைத் தண்ணீரும்தான். ஓசூர் ஆய்வகம் ஒன்றில், அவற்றில் வயிற்றுக் கிருமிகளைத் தேடுவது ஒன்பது வருஷத்து உத்தியோகம். ஒருநாளும் முகம் சுளித்தவளில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு தொழிற்சாலையின் பெண்கள் விடுதியில் பலர் வாந்தியும் பேதியுமாகப் படுத்துவிட்டார்கள். விடுதி மேலாளர் கங்கப்பனுக்கு அதெல்லாம் நடிப்பு, ஷிப்டுக்கு டிமிக்கி. எல்லோரையும் மிரட்டி வேலைக்கு பஸ் ஏற்றினார். முதலில் படுத்த சுவேதாவை ஊருக்கே அனுப்பக் கடிதமும் தயார். மலத்தை டப்பாவில் எடுத்துக் கொடுத்தால் உண்மை தெரிந்துவிடும். ஆனால் டப்பாவில் பேர் எழுதுவார்களே! கிருமி இருந்தால், பரப்பியவள் நீதான் என்று வெளியே தள்ளுவார்கள். இல்லாவிட்டால் நடிக்கிறாய் என்பார்கள். நல்ல நியாயம். ஒருத்தியும் கொடுக்கவில்லை.

அதனால் மாதேஸ்வரியின் ஆய்வகத்தில் விடுதிச் சாக்கடைத் தண்ணீரை வாங்கிச் சோதித்தார்கள். கிருமி இல்லை. கங்கப்பன் போனிலேயே சிரித்தார்.

மாதேஸ்வரி எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தாள். மெஷினில் கோளாறில்லை, கிருமி உண்டென்று தெரிந்தே ஒப்பிட்டுப் பார்க்க வைத்த குழாயை அது சரியாகக் காட்டியிருந்தது. பிறகுதான் தண்ணீர் எடுத்த நேரத்தைப் பார்த்தாள். காலை பத்து. தலையில் அடித்துக்கொண்டாள். ஐந்தரைக்கு பஸ் ஏறும் பெண்கள் நாலரைக்கே கக்கூஸ் வாசலில் வரிசை நிற்பார்கள். பத்து மணிக்கு ஓடுவது துணி துவைத்த தண்ணீர்.

மறுநாள் ஐந்து மணிக்குத் தானே போய், சாக்கடை மூடியைத் திறக்கச் சொல்லி ஒரு லிட்டர் பிடித்தாள். ஆய்வகத்தில் அதைத் தெளியவைத்து, கிருமியைச் சில சொட்டுகளுக்குள் திரட்டி, மெஷினில் ஏற்றினாள். மத்தியானம் திரையில் கோடு ஏறியது. நோரோவைரஸ், வாந்திபேதிக் கிருமி. வெறும் தண்ணீர் வைத்த குழாய்க்கான கோடு அசையவில்லை; ஆய்வகத்தில் எதுவும் கலந்துவிடவில்லை. அப்பாடா என்று உட்கார்ந்தாள்.

கங்கப்பன் நேரில் வந்தார். "சரிம்மா, நெசந்தான். எந்தப் பொண்ணு கொண்டாந்துச்சுன்னு சொல்லு, அத மட்டும் அனுப்பிடறேன்."

"முந்நூறு பேரோடதும் ஒண்ணாத்தான் சார் ஓடுது. யாரோடதுன்னு தெரியாது. நீங்க குடிதண்ணித் தொட்டியக் கழுவுங்க, முடியாதவங்களப் படுக்க விடுங்க."

அதையே அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, சுகாதாரத் துறைக்கும் அனுப்பினாள். சுவேதாவை ஊருக்கு அனுப்பும் கடிதத்தைக் கங்கப்பன் பிறகு எடுக்கவேயில்லை.

சாயங்காலம் சுவேதா ஆய்வகத்துக்கு வந்தாள், துப்பட்டாவுக்குள் ஒரு டப்பாவோடு.

"அக்கா, பேர் எழுதாம எடுத்துக்குவீங்களா?"

மாதேஸ்வரி டப்பாவில் 1 என்ற எண்ணை மட்டும் ஒட்டினாள். வெளியே படியில் இன்னும் பதினொரு பெண்கள் டப்பாவோடு நின்றிருந்தார்கள்.