மூன்று விரல் உயரம்

அருள்தாஸ் கைவைத்தால் செத்த வண்டியும் எழுந்து ஓடும் என்று அம்பத்தூரில் சொல்வார்கள். ஓடும்தான். ஆனால் அவனோடு பத்து நிமிஷம் பேசினால் நம் உயிர் போய்விடும். எதைக் கேட்டாலும் தலையை வண்டிக்கு அடியில் வைத்துக்கொண்டே "ஊம்" என்பான். அவன் ஷெட்டுக்கும் என் லேத்துப் பட்டறைக்கும் ஒரே சுவர்.

கல்யாணம் செய்துகொள்ளாத அவனுக்கு உலகமே தம்பி ஜெயபால்தான். அப்பா, அம்மா போனபிறகு தோளில் தூக்கி வளர்த்தவன். தம்பிக்குச் சோழவரம் ரேஸில் ஓட்டவேண்டும் என்று ஆசை வந்ததும், அண்ணன் ஒரு பழைய ஹெரால்டு காரைப் பிடித்து வந்து தரையோடு தரையாக இறக்க ஆரம்பித்தான். ஷாக் அப்சார்பரின் உடம்பில் மரை வெட்டிக் கொடுத்தவன் நான். மரையில் ஒரு வளையம் ஓடும், வளையத்தின்மேல் ஸ்பிரிங் உட்காரும். வளையத்தைக் கீழே திருகினால் வண்டி இறங்கும், மேலே திருகினால் ஏறும்.

மற்ற மெக்கானிக்குகள் காலி வண்டியை அளப்பார்கள். அருள்தாஸுக்கு அது ஆகாது. ஓட்டுகிறவன் சீட்டில் உட்கார்ந்தால்தான் உயரம் பார்ப்பான். ஸ்கேலெல்லாம் கிடையாது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே மூன்று விரல் நுழையவேண்டும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜெயபால் வந்து உட்காருவான், அண்ணன் விரல் விட்டுப் பார்ப்பான்.

ஒரு ஞாயிறு, தம்பி உட்காரும் வலது பக்கத்தில் நான்கு விரல் நுழைந்தது. அருள்தாஸ் வளையத்தைக் கீழே திருகினான். அடுத்த வாரமும் நான்கு. மறுபடி திருகினான். அதற்கடுத்த வாரம் என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டான்.

"உன் மரை நிக்கல நைனா. வளையம் தானா ஏறிக்கினு கீது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வளையத்துக்கும் மரைக்கும் குறுக்காகச் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு இழுத்துவிட்டேன். அடுத்த ஞாயிறு கோடு இழுத்தபடியே இருந்தது. நான்கு விரலும் தாராளமாக நுழைந்தது.

அப்போதுதான் நிமிர்ந்து ஜெயபாலைப் பார்த்தேன். அதே கன்னம், அதே மீசை, அதே இறுக்கமான சட்டை. வாயில் வேர்க்கடலை. ஆனால் அவனுக்குக் கீழே சீட்டின் ரெக்சின் கொஞ்சம்கூட அமுங்கவில்லை.

"ஆளைப் பாருடா. வண்டி ஏறல, ஆளுதான் கொறையறான்," என்றேன்.

"ஸ்பிரிங்குதான். பழைய ஸ்பிரிங்கு."

பழைய ஸ்பிரிங் தொய்யும், எழும்பாது. அது அவனுக்குத் தெரியாதா?

"ரேஸுக்குள்ள சரியா பூடுமாண்ணா?" என்று கேட்டான் ஜெயபால்.

"பூடும். நீ உக்காரு."

இப்படியே திருகித் திருகி வளையம் கடைசி மரைக்கு வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் மரை வெட்டித் தரச்சொல்லி அருள்தாஸ் வந்து நின்றான். மாட்டேன், டாக்டராண்ட கூட்டிகினு போ என்று கத்தினேன். அவன் காதில் ஏறவில்லை.

அடுத்த ஞாயிறு ஜெயபால் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். வண்டி ஒரு மயிரளவுகூட அசையவில்லை. அருள்தாஸ் ஸ்பேனரைக் கீழே போட்டான். தம்பியை இரண்டு கைகளிலும் ஏந்தி எடுத்தான். கொடியில் கிடக்கும் வேட்டியை எடுப்பது போல எடுத்தான். எடுத்த பிறகுதான் அவன் முகம் மாறியது. அப்படியே தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது ஒன்றுதான். "இவ்வளவு நாள் எங்கே இருந்தீங்க?"

அந்த வாரமே அடக்கம். பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். தூக்கியதும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். காலிப் பெட்டியின் கனத்துக்கு மேல் அதில் ஒரு பாரமும் இல்லை.

அடுத்த ஞாயிறு ஷெட்டுக்குப் போனேன். அருள்தாஸ் வழக்கம்போல வலது சக்கரத்தருகே குந்தியிருந்தான். வண்டியில் யாரும் இல்லை. சிவப்புக் கோடு இருந்த இடத்திலிருந்து வெகுகீழே, கடைசி மரையில் நின்றது வளையம்.

"கையை உட்டுப் பாரு," என்றான்.

இடது பக்கம் விட்டேன், எப்போதும் போல மூன்று விரல். வலது பக்கம் ஒரு விரல்தான் நுழைந்தது. சீட்டை எட்டிப் பார்த்தேன். ரெக்சின் நடுவில் நன்றாக அமுங்கிக் கிடந்தது. எனக்கு அழுகையும் பயமும் சேர்ந்து வந்தன.

"ஸ்பிரிங்கு தொய்ஞ்சி போயிருக்கும்டா. பழைய ஸ்பிரிங்கு," என்று சொல்லி, வளையத்தை மேலே ஏற்ற நானே ஸ்பேனரை எடுத்தேன்.

அருள்தாஸ் என் கையைப் பிடித்துக்கொண்டான். எத்தனையோ வாரங்களுக்குப் பிறகு அவன் முகம் தெளிந்திருந்தது.

"உடு நைனா. தம்பிக்கு இப்பதான் உடம்பு தேறிகீது."