மாரீஸ்வரி கொடுத்த தோல்

தாராவியில் பள்ளிப் பைகள் தைக்கும் மாரீஸ்வரிக்கு நாற்பத்தோரு வயது. ஏழு வருஷத்துக்கு முன் ரத்தப் புற்றுநோய் வந்து படுத்தவளைத் தம்பி நாகராஜ்தான் ஸ்டெம் செல் கொடுத்துப் பிழைக்க வைத்தான். மான்குர்த்தில் லேத் பட்டறையில் வேலை அவனுக்கு. ஓ பாசிட்டிவாக இருந்த அவள் ரத்தம் அதன்பின் அவனுடையதைப் போலவே பி பாசிட்டிவ் ஆகிவிட்டது.

அம்மா சினைப்பைப் புற்றுநோயில் போனவள். போன வருஷம் சித்திக்கும் அதுவே வந்தது. பரம்பரையாக வரக்கூடும் என்று சித்தியைப் பார்த்த டாக்டர்கள் இவளையும் மரபணுப் பரிசோதனை செய்துகொள்ளச் சொன்னார்கள். பக்கத்து லேப் ஒன்றில் மாரீஸ்வரி ரத்தம் கொடுத்தாள். குறை ஏதும் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. நிம்மதியாக அதை எடுத்துக்கொண்டு செம்பூரில் டாக்டர் விஜயலட்சுமியிடம் போனாள்.

டாக்டர் பழைய ஃபைலையும் புரட்டினார். "இது உங்க ரிப்போர்ட் இல்லம்மா, உங்க தம்பியோடது. ஸ்டெம் செல் மாத்தினதை லேப்ல சொன்னீங்களா?"

"யாரும் கேக்கலையே டாக்டர். அப்ப ரத்தத்துக்குப் பதிலா எச்சி குடுக்கட்டா?"

"எச்சில்லயும் ரத்த அணுக்கள் கலந்து வரும். அதுலயும் தம்பிதான் இருப்பார். தோல் இன்னும் உங்களோடது. அதை எடுக்கலாம்."

மரத்துப்போக ஊசி போட்டு, முழங்கைக்கு மேலே மிளகளவு தோல் எடுத்தார்கள். அதிலிருந்து செல்களை வளர்த்துப் பார்க்க இரண்டு மாதம் ஆயிற்று. இந்த முறை குறை இருந்தது. அம்மா வழியில் வந்தது.

"ஸ்கேன்ல இப்ப ஒண்ணும் இல்ல. சினைப்பையை எடுத்துட்டா ஆபத்து ரொம்பக் குறையும்" என்றார் டாக்டர்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. எடுத்ததைப் பரிசோதித்ததில் நோயின் சுவடு இல்லை. மூன்றாம் நாள் நாகராஜ் கட்டிலருகே தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான்.

"யக்கா, என் ரத்தம் உன்ன ஏமாத்திட்டுல்லா?"

"போலே கோட்டிக்காரா! அது இல்லன்னா டெஸ்ட் எடுக்க நான் இருந்திருப்பனா? உனக்கு அந்தக் குறை இல்லன்னு தெரிஞ்சுதே, உன் பிள்ளைகளுக்கும் பயமில்ல. அதுவே எனக்குப் போதும்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாத்துக்குடி உரிக்கத் தொடங்கினான்.

வீடு திரும்பும் நாளில் மகள் சுனிதாவுக்கும் பரிசோதனைக்குத் தேதி வாங்கினாள். டாக்டரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"வாரேன் டாக்டர்" என்று மட்டும் சொன்னாள்.