கடித்துக் கொடுத்த கருப்பட்டி

எழுபதுகளில் ஆரியசாலையில் குடியிருந்தபோது, என் மகளுக்கு யாரும் மிட்டாய் கொடுக்க நான் விட்டதில்லை. அப்படியிருந்தும் மூன்று வயதிலேயே அவள் முன்பற்கள் கறுத்துப் போயின. அடுத்த வீட்டுக்காரிதான் ஒளித்துக் கொடுக்கிறாள் என்று தீர்மானித்து, அவளிடம் பேச்சை நிறுத்தினேன்.

பல் டாக்டரம்மா மலையாளி. "மோளுக்கு இனிப்பு என்ன கொடுப்பீங்க?" என்று கேட்டார்.

"கருப்பட்டி மட்டும்தான். அதையும் நானே கடிச்சு, பொடியாக்கித்தான் வாயில வைப்பேன்," என்றேன் பெருமையாக.

"சரி, உங்க வாயைத் திறங்க, நோக்கட்டே."

என் கடைவாயில் இரண்டு சொத்தை.

"கருப்பட்டியோட உங்க சொத்தையும் சேர்ந்துல்லா மோளுக்குப் போயிருக்கு," என்றார்.

முதலில் எனக்குத்தான் பல்லைப் பிடுங்கினார். வீங்கிய கன்னத்தோடு நேரே போய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன்.